அத்தானின் அன்ரெனா வளைந்ததற்கான விளக்கம்

லொங்குய்ய்,
வெள்ளிக்கிழமை காலை.

பேரன்புக்கும் பெருமதிப்புக்கும் உரிய நமச்சிவாயம் அத்தானுக்கு மகேந்திரராசா எழுதிக்கொள்வது. நானும் நல்லம்மாவும் சுகம். மெல்பேணில் மகன் வீட்டில் நீங்களும் அக்காவும் அந்த ஊர்க் குளிருக்குத் தப்பிச் சுகமாய் இருக்கக் கடவுள் துணை. நீங்கள் போகும்போது எங்கள் வீட்டு வாசலில் நிறுத்திவிட்டுப் போன உங்கள் சுற்றுலா வண்டி ஆர்வியும் சுகம். அதன் கட்டில், அடுப்பு, கக்கூசு, சில்லு எல்லாம் சுகம். கூரையில் இருக்கிற ரீவி அன்ரெனா மட்டும் சற்றே வளைந்திருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். தொலைபேசியில் சொன்னால் அக்கா ஸ்பீக்கரில் போட்டுவிடுவா, பிறகு ரொறன்ரோ முழுக்கத் தெரிந்துவிடும். வாசித்ததும் கிழித்துவிடுங்கள்.

என் மகள் தாட்சாயினி பல் வைத்தியப் படிப்பை மூன்றாம் வருடத்தில் உதறிவிட்டு, ரீவியில் வானிலை சொல்லப்போகிறேன் என்று வந்து நின்றது உங்களுக்குத் தெரியும். நான் பேசாமல் இருப்பேனா? டோர்வல் விமான நிலையத்தில் இருபத்தாறு வருடம் சாப்பாட்டுத் தட்டு அடுக்கியது, மகள் மழை வருமா வராதா என்று சாத்திரம் சொல்லவா? மேசையில் அடித்துச் சொன்னேன்: "இனி இந்த வீட்டுக்குள்ளை உன்ரை முகத்தைப் பாக்கமாட்டன். ரீவியிலை வந்தாலும் பாக்கமாட்டன்!" சொன்ன கையோடு கேபிளையும் வெட்டிவிட்டேன். அவளும் என் மகள்தானே. "சரி அப்பா" என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு வில்லரேயில் அறை எடுத்துப் போய்விட்டாள். ஏழு மாதம் அத்தான், ஒரு போன் இல்லை. நானும் எடுக்கவில்லை. நான் ஏன் எடுக்க வேண்டும்?

போன திங்கட்கிழமை பக்கத்து வீட்டு செலீன், பஸ் ஓட்டி இளைப்பாறியவ, வேலிக்கு மேலால் பிரெஞ்சில் கத்தினா: "மூஸ்யு ராசா! ஆறு மணிச் செய்தியிலை உன்ரை மகள்! கையைக் காட்டிக் காட்டி மழையைக் கூப்பிடுறாள்!" எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. ஊரெல்லாம் பார்க்கிற முகத்தைப் பெற்றவன் பார்க்கக்கூடாதா? ஆனால் சொன்ன சொல் ஒன்று இருக்கிறதே. கைத்தொலைபேசியில் பார்க்கலாம் என்றால் அதற்கான கடவுச்சொல்லை அவளிடம்தான் கேட்க வேண்டும், அதற்கு நான் ஆளில்லை. அப்போதுதான் உங்கள் ஆர்வி கண்ணில் பட்டது. வீட்டுக்குள் பார்க்கமாட்டேன் என்றுதானே சொன்னேன்? ஆர்வி வீடா? நம்பர் தட்டு இருக்கிறது, நாலு சில்லு இருக்கிறது, அது வாகனம்!

"அத்தானின் வாகனம் சும்மா நின்றால் பழுதாகும்" என்று நல்லம்மாவிடம் ஒரு பொய்யை விட்டுவிட்டுச் செவ்வாய் ஐந்தரைக்குக் கூரையில் ஏறினேன். எண்பதுகளில் யாழ்ப்பாணத்தில் பனை உயரத்துக்குக் குழாய் நட்டு, அன்ரெனா கட்டி இந்தியாவையே ரீவியில் பிடித்தவன் நான். ஆற்றுக்கு அந்தப் பக்கம் மலை உச்சியில் கண்ணுக்குத் தெரிகிற ரீவிக் கோபுரத்தைப் பிடிக்கமாட்டேனா? எங்கள் முறை உங்களுக்குத் தெரியும். ஒருவர் மேலே நின்று திருப்ப, ஒருவர் உள்ளே படத்தைப் பார்த்துக் கத்த வேண்டும். உள்ளே செலீனை இருத்தி "வருது", "போயிட்டுது" என்று இரண்டு தமிழ்ச் சொல்லும் பழக்கினேன். நான் "வருதோ?" என்று கத்த, அவ இல்லை என்பதைப் பிரெஞ்சிலேயே "நோன்!" என்று கத்த, தெரு முழுக்க வெளியே வந்து பார்த்தது. புதன்கிழமை அன்ரெனா அசைய மறுத்தது. கொஞ்சம் பலமாகத் தள்ளினேன். டொக் என்றது. அந்த வளைவு அதுதான். திருப்புவதற்கு உள்ளே சீலிங்கில் ஒரு பிடி இருக்கிறதாம், கூரைக்கே ஏறத் தேவையில்லையாம். அந்தப் பிடியில் நான் தொப்பியைக் கொழுவியிருந்தேன்.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். ரீவிக்குப் பக்கத்தில் சின்னப் பச்சை லைட் ஒன்று எரிந்துகொண்டிருந்தது. உங்கள் பற்றறி வீணாகக்கூடாதே என்று ஒவ்வொரு நாளும் முதல் வேலையாக அதை அணைத்துவிட்டுத்தான் ஏறுவேன். தேவையில்லாமல் ஒரு லைட் எரிந்தால் எனக்கு வயிறு எரியும், என்ன செய்ய. செலீனோ போட்டுப் பார்க்கும் ஆள். நேற்று ஆறுக்கு ஐந்து நிமிடம் இருக்க, கண்ணாடியை மாட்டி அந்தப் பொத்தானுக்குக் கீழே எழுதியிருந்ததை வாசித்துவிட்டுத் தலையில் கை வைத்தா: "அன்ரெனாவுக்குக் கரண்ட் போறதே இதாலைதான்! மூன்று நாளாய் நீதான் அதை அணைக்கிறாய்!" பொத்தானை அமத்தி, ரிமோட்டில் சனல்களைத் தேடவும் விட்டா. இந்தக் காலத்து ரீவி, திருப்பத் திருப்ப மெல்ல மெல்லத் தெளியாதாம். தேடச் சொன்னால்தான் தேடுமாம். பதினான்கு சனல் வந்தது அத்தான்! "வருது! வருது!" என்று அவ தமிழில் கத்த, நான் ஏணியில் பாதி இறங்கி, மீதி விழுந்து உள்ளே ஓடினேன்.

நீலச் சட்டையோடு நின்றாள் பிள்ளை. மெலிந்துபோனாள். ஆனால் என்ன நிமிர்வு! ஒரு கையை வீசினால் மேகம் அந்தப் பக்கம் போகிறது. என் டோர்வல் பிரெஞ்சுக்கு எல்லாம் விளங்கியது. வெள்ளிக்கிழமை பின்னேரம் இடி மின்னல் என்றாள். பிறகு நேரே என்னைப் பார்த்து, சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னாள்: "முக்கியமாக லொங்குய்யில் வாகனக் கூரைகளில் ஏறி நிற்கிற அப்பாமார் தயவுசெய்து இறங்கிவிடுங்கள்." நான் அழுதேன் அத்தான். வெட்கமில்லாமல் விக்கி விக்கி அழுதேன். செலீன் உங்கள் பாத்திரம் துடைக்கிற துணியைத் தந்தா.

அதற்காக நான் மசிந்துவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். சாகும்வரை அந்த முகம் என் வீட்டுக்குள் வராது. ஆறு மணிக்கு உங்கள் ஆர்விக்குள் மட்டும் வரும். ஆகவே நீங்கள் திரும்புவதை இன்னும் ஒரு மாதம் தள்ளிப்போட முடியுமா? அன்ரெனாவை நிமிர்த்தி, தந்தது தந்தபடி ஒப்படைப்பேன். யார் அவளுக்குச் சொன்னதோ தெரியவில்லை. நல்லம்மாவுக்கு ஒன்றுமே தெரியாது, தெரியவும் வேண்டாம். அக்காவின் முழங்கால் நோ மாறவும், பேரப்பிள்ளைகள் உங்களோடு தமிழில் சண்டை பிடிக்கவும் வேண்டுகிறேன்.

என்றும் சொல் மாறாத,
மகேந்திரராசா

பி.கு.: முத்திரை எங்கே என்று கேட்கப் போன இடத்தில் நல்லம்மா கடிதத்தைப் பறித்து வாசித்துவிட்டா. "உங்களுக்கென்ன விசரே? செலீன் முதல் நாளே எனக்குச் சொல்லிப்போட்டா. அப்பா கூரையிலை நிக்கிறார், விழுந்து துலையப்போறார் எண்டு பிள்ளைக்குச் சொன்னதே நான்தான்!" தாயும் மகளும் ஏழு மாதமும் நாள் தவறாமல் கதைத்திருக்கிறார்கள். அக்காவுக்கும் தெரியுமாம். ஆகவே கிழிக்கத் தேவையில்லை. தாட்சாயினி ஞாயிறு மத்தியானம் சாப்பிட வாறாள், நண்டுக்குச் சொல்லிவிட்டேன். மற்றது, அன்ரெனா இப்போது உங்கள் வாகனத்தில் இல்லை. மத்தியானமே கழற்றி, வயர், பச்சை லைட் எல்லாவற்றோடும் எங்கள் வீட்டுக் கூரையில் பூட்டிவிட்டேன். முன்னறையில் லைட் எரிகிறது, ஒருவரையும் தொடவிடுகிறதில்லை. இன்று பின்னேரம் இடி மின்னல் என்றாள். ஐந்து மணியாகிவிட்டது, வானத்தில் ஒரு மேகம் இல்லை, வெயில் கொளுத்துகிறது. நான் குடையோடுதான் தபாலுக்குப் போகிறேன்.