ஆற்றைச் சுட்டுப் பார்த்தவர்

ஆற்றைக் கும்பிட்டவர்களைப் பார்த்திருக்கிறேன், ஆற்றில் குளித்தவர்களையும் துவைத்தவர்களையும் பார்த்திருக்கிறேன். ஆற்றைச் சூளையில் வைத்துச் சுட்டவர் இந்தப் பூமியிலேயே ஒருவர்தான். அவர் எங்கள் உருண்டை சார்.

அறுபதுகளின் கடைசியில் விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் பட்டறையில் நான் குமாஸ்தா. உருண்டை சார் அங்கே மண் சோதிப்பவர். அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். நாங்கள் யாரும் கேட்டதில்லை. மணிமுத்தாற்றில் வெள்ளம் வந்தால் ஊரே கரையில் நின்று வேடிக்கை பார்க்கும். இவர் மட்டும் ஊறுகாய் பாட்டில்களோடு இறங்குவார். கலங்கல் தண்ணீரைத் தெளியவைத்து, அடியில் தங்கிய வண்டலைக் கோலி அளவு உருட்டிக் காயவைத்து, டீ கப்புகளுக்கு நடுவே சூளையில் செருகிவிடுவார். லீவு கிடைத்தால் கல்வராயன் மலைக்குப் பஸ் ஏறி, ஓடை ஓடையாக மண் அள்ளிவந்து அதையும் சுடுவார். இரண்டு நிறத்தையும் ஒப்பிட்டால், ஆற்றில் வந்த மண் எந்த ஓடையில் புறப்பட்டது என்று தெரிந்துவிடுமாம்.

“பச்ச மண்ணு பொய் சொல்லுங்க. சுட்டாத்தான் உண்மையக் கக்கும்” என்பார், போலீஸ்காரர் மாதிரி.

ஒரு தடவை உருண்டை சரியாகக் காயாமல் சூளைக்குள் வெடித்து, ஓர் அடுக்குக் கப்பு முழுவதும் அம்மை போட்டதுபோல் ஆகிவிட்டது. முதலாளி குதித்தார். “யோவ், நான் கப்பு விக்கிறேனா, ஆத்த விக்கிறேனா?”

சார் ஒரு கப்பை நிதானமாகத் திருப்பிப் பார்த்தார். “ரெண்டாவது ஓடைங்க. சந்தேகமே இல்ல.”

மலையிலிருந்து சந்தைக்குக் கடுக்காய் கொண்டுவரும் சின்னப்பொண்ணுவின் மூட்டையை அவர் ஒருநாள் குனிந்து சுரண்டிக்கொண்டிருந்தார்.

“எம் மூட்டையில என்னய்யா தடவுற?”

“மண்ணும்மா. ஒங்க ஊரு மண்ணு.”

சந்தையே சிரித்தது. அன்றிலிருந்து அந்த அம்மாள் வாரம் ஒரு பிடி மண்ணை முந்தானையில் முடிந்து கொண்டுவருவார்.

அந்த வருஷம் பெருவெள்ளம் வாய்க்கால்களைச் சிவப்பு வண்டலால் அடைத்துவிட்டது. மலையில் காட்டைக் கொத்திச் சாமை விதைப்பவர்கள்தான் காரணம் என்று ஊரெல்லாம் பேச்சு. ஓர் அதிகாரி விசாரிக்க வந்தார். உருண்டை சார் ஒரு பிடி வண்டலை உள்ளங்கையில் வாங்கிப் பார்த்து, சபை நடுவே சொல்லிவிட்டார்: “ஓடைக்கரை சாமைக் கொல்லை மண்ணுதாங்க இது.”

அது சின்னப்பொண்ணுவின் கொல்லை. அடுத்த வாரம் அதைக் காலிசெய்ய உத்தரவு போடுவதாக அதிகாரி குறித்துக்கொண்டார்.

பச்சை மண்ணின் நிறத்தை நம்புவது எங்கள் ஊரில் சூளைக்கு விறகு தள்ளுபவர்கூடச் செய்யாத தப்பு. ஆனால் அத்தனை பேர் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது யாருக்குத்தான் நிதானம் நிற்கும்?

அதற்குப் பிறகுதான் சார் உருண்டைகளைச் சுட்டார். சின்னப்பொண்ணு கொல்லை மண் செங்கல் நிறத்தில் வந்தது. வெள்ளத்து வண்டல் காப்பிக்கொட்டையாகக் கருத்திருந்தது. அதே கருப்பில் இன்னோர் உருண்டையும் இருந்தது. எங்கள் சூளை விறகுக்காக முதலாளி மலையில் லாரி விட்ட பாதையின் மண் அது. ஓடைக்கரையை வெட்டிப் போட்ட பாதை.

“சார், பேசாம இருந்துடுங்க. வேலை போயிடும்” என்றேன்.

“அந்தம்மா கொல்லை போயிடுமே” என்றார்.

அடுத்த விசாரணைக்கு உருண்டைகளைத் தட்டில் வைத்து எடுத்துவந்தார்.

“என்னய்யா இது, போண்டாவா?” என்றார் அதிகாரி.

“போன தடவ நான் சொன்னது தப்புங்கய்யா. பச்ச மண்ணப் பாத்துப் பேசிட்டேன். மண்ணு எங்க லாரிப் பாதையிலேர்ந்து வந்துதுங்க.”

சின்னப்பொண்ணு எழுந்து வந்து தட்டைப் பார்த்தார். “மொதல்லயே சுட்டுப் பாத்திருக்கலாம்ல சாமி? ஒரு வாரமா எங்க வூட்ல ஒல வைக்கல.”

சார் அந்த அம்மாளைப் பார்த்துக் கைகூப்பினார்.

கொல்லை தப்பியது, சாரின் வேலை போயிற்று. பெட்டியைத் தூக்கிக்கொண்டு, “போயிட்டு வரேங்க” என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டுப் போனார்.

விசாரணையன்று நான் முதலாளிக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். தட்டோடு அவர் தனியாக நின்றபோது எழுந்துபோய்ப் பக்கத்தில் நின்றிருக்கலாம், எழுந்திருக்கவில்லை. எனக்கு அவரை அவ்வளவு பிடிக்கும்.