கட்சி சாராத போர்வை

கன்னம் வீங்கிய ஒருவருக்கு மருந்துச் சீட்டை நீட்டிக்கொண்டிருந்தபோதுதான் நூல்கண்டின் கைப்பேசி மேசைமேல் கிடந்து துடிக்க ஆரம்பித்தது. ஒரு தடவை துடித்தால் யாரோ புதிதாகப் பின்னிய தொப்பியைக் காட்டுகிறார்கள் என்று அர்த்தம். இப்படி விடாமல் துடித்தால் குழுவில் சண்டை என்று அர்த்தம்.

"இந்த மாத்திரை சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியா?" என்றார் கன்னம் வீங்கியவர்.

"முன்னாடி," என்றாள் அவள், கண்ணைக் கைப்பேசியில் வைத்தபடி. "இல்ல, பின்னாடி. எதுக்கும் டாக்டரையே ஒரு வார்த்தை கேட்டுடுங்க."

பகலில் அவள் பல் மருத்துவமனையின் வரவேற்பு மேசையில் இருப்பவள். மீதி நேரமெல்லாம் 'பின்னல் உலகம்' என்கிற இணையக் குழுவின் நிர்வாகி. கம்பளி நூலில் தொப்பியும் சால்வையும் பின்னுகிற பைத்தியங்கள் கூடுகிற இடம் அது. அங்கே யாருக்கும் சொந்தப் பெயர் கிடையாது. இவள் நூல்கண்டு. ஓய்வுபெற்ற வங்கி மேலாளர் ஒருவர் கம்பளிப்புழு. பள்ளிக்கூடத்து விளையாட்டு டீச்சர் ஒருத்தி ரெட்டைமுடிச்சு. குழுவில் இந்த இருவரைப் போலப் பின்ன ஆள் இல்லை. அதனால் இந்த இருவரும் சண்டை போட்டால் மற்றவர்கள் ஊசியைக் கீழே வைத்துவிட்டு வேடிக்கை பார்ப்பார்கள்.

குழுவில் ஒரு வழக்கம் உண்டு. யார் வீட்டிலாவது குழந்தை பிறக்கப்போகிறது என்றால் ஆளுக்கொரு கைக்குட்டை அளவில் சதுரம் பின்னி அனுப்புவார்கள். நிர்வாகி அதையெல்லாம் கோத்துப் போர்வையாக்கிக் கொடுக்க வேண்டும். இந்தத் தடவை குழந்தை நூல்கண்டின் தங்கைக்கு. கல்யாணமாகி எத்தனையோ வருஷம் ஏங்கிக் கிடைத்த பிள்ளை. "அக்கா, உன் போர்வையிலதான் முதல்ல சுத்துவேன். அதுவரைக்கும் வேற எதுலயும் சுத்த விடமாட்டேன்," என்று தங்கை சொல்லியிருந்தாள். அதைக் கேட்டுவிட்டு நூல்கண்டு குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு பாட்டம் அழுதாள். சந்தோஷத்தில்தான்.

ஆனால் பாருங்கள், இந்தப் பிள்ளைக்கும் தேர்தலுக்கும் ஒரே மாதம் குறித்திருந்தது.

அன்றைக்குக் கம்பளிப்புழு தன் சதுரத்தைப் படம் எடுத்துப் போட்டிருந்தார். அழகான நீலம். அதற்குக் கீழே ரெட்டைமுடிச்சு கேட்டிருந்தாள்: 'ஏன் சார், கடையில வேற கலரே கிடைக்கலையா?'

நீலம் பூட்டுக் கட்சியின் நிறம். ரெட்டைமுடிச்சு சாவிக் கட்சி. அவள் ஏற்கெனவே மஞ்சளில் ஒரு சதுரம் போட்டிருந்ததை அவர் சுட்டிக்காட்டினார். அது எலுமிச்சம்பழ நிறம் என்றாள் அவள். எலுமிச்சம்பழம் எப்போதிலிருந்து மேடையேறிப் பொய் சொல்ல ஆரம்பித்தது என்று கேட்டார் அவர். அதற்குள் இரண்டு பக்கமும் ஆள் சேர்ந்துவிட்டது.

நூல்கண்டு அன்று மாலையே ஓர் அறிவிப்புப் போட்டாள். அரசியல் கூடாது. நீலமும் கூடாது, மஞ்சளும் கூடாது. மற்ற எந்த நிறமும் சம்மதம்.

மறுநாள் பச்சை வந்தது, ஆரஞ்சு வந்தது, ரோஜா நிறமும் வந்தது. சண்டை முன்பைவிடப் பெரிதாக வந்தது.

"பச்சையில என்னங்க இருக்கு?" என்று வீட்டுக்காரரிடம் கேட்டாள். அவர் ஓர் அச்சகத்தில் மை கலக்குகிறவர். தேர்தல் நேரத்தில் எல்லாக் கட்சிச் சுவரொட்டியும் அவர் கையைத் தாண்டித்தான் சுவருக்குப் போகும்.

"பச்சை, விவசாயிங்க கட்சி. ஆரஞ்சு, அதுலேர்ந்து கோவிச்சுக்கிட்டுப் போன மச்சான் கட்சி."

"ரோஸ்?"

"அது சுயேச்சை. பாவம், அவருக்கு இருந்த காசுக்கு அந்த மைதான் கிடைச்சுது."

"எந்தக் கட்சியும் எடுத்துக்காத கலர் ஒண்ணுகூடவா இல்ல?"

"ஊதா இருந்துச்சு. போன வாரம் போயிடுச்சு," என்று சொல்லிவிட்டு அவர் விரல் இடுக்கில் ஒட்டியிருந்த மையைத் தேய்க்கப் போனார்.

அவளுக்குச் சட்டென்று ஒரு யோசனை வந்தது. வராமலே இருந்திருக்கலாம். ஒரே நிறம் இருந்தால்தானே கட்சி? ஒவ்வொரு சதுரத்திலும் இரண்டு நிறம் இருக்கட்டும் என்று புது விதி போட்டாள்.

முதல் சதுரம் நீலமும் பச்சையுமாக வந்தது. 'கூட்டணி அறிவிச்சாச்சா? வாழ்த்துகள்,' என்றாள் ரெட்டைமுடிச்சு. பச்சைக்காரர்களுக்கு அதைவிடப் பெரிய மனக்குறை. நீலத்துக்குப் பன்னிரண்டு வரிசை, பச்சைக்கு ஐந்தே வரிசையா? எங்கள் பலத்துக்கு எட்டு வரிசையாவது வேண்டும் என்று நின்றார்கள். கம்பளிப்புழு ஆறுக்கு இறங்கி வந்தார். ஒரு குழந்தையின் போர்வைக்குத் தொகுதிப் பங்கீடு நடந்தது, மூன்று நாள். கடைசியில் பேச்சுவார்த்தை முறிந்து, பச்சைக்காரர்கள் சதுரத்தையே பிரித்து நூலாகச் சுற்றிக்கொண்டார்கள்.

நூல்கண்டுக்குத் தலை கிறுகிறுத்தது. மருத்துவமனையில் ஒருவருக்குக் கடைவாய்ப் பல் என்று எழுதுவதற்குப் பதிலாகக் கடைசி வரிசை என்று எழுதிவிட்டாள்.

"உடம்பு சரியில்லையாம்மா?" என்றார் டாக்டர்.

"உடம்புக்கு ஒண்ணுமில்ல டாக்டர். ஒரு போர்வை முடிக்கணும்."

"அதுக்கா இவ்வளவு பாடு? வெள்ளையில பின்னிட்டுப் போக வேண்டியதுதானே."

படித்த மனிதர், யோசிக்காமலா சொல்வார் என்று அவள் அன்றைக்கே 'வெள்ளை மட்டும்' என்று போட்டாள்.

'வெள்ளைக் கொடியா?' என்று கேட்டார் கம்பளிப்புழு. 'யார் சரணடையணும்னு சொல்றீங்க? தெளிவாச் சொல்லிடுங்க.'

'நிச்சயமா நாங்க இல்ல,' என்றாள் ரெட்டைமுடிச்சு. இத்தனை நாளில் இருவரும் ஒத்துப்போன முதல் விஷயம் அது. நிர்வாகியைக் கண்டித்து இரண்டு பக்கமும் சேர்ந்தே வெளிநடப்பு செய்தார்கள். மாலைத் தேநீருக்குள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்துவிட்டார்கள் என்பது வேறு விஷயம். போகிற இடம் வேண்டுமே.

அன்று தங்கை பேசினாள். "அக்கா, டாக்டர் இன்னும் பத்து நாள்தான்னு சொல்றாரு. போர்வை எந்த அளவுல இருக்கு?"

"அதுபாட்டுக்கு வந்துக்கிட்டே இருக்குடி. நீ தேவையில்லாம கவலைப்படாதே," என்றாள் நூல்கண்டு. கையில் ஒரு சதுரம்கூட இல்லை. பொய் சொல்லிவிட்டோமே என்று தன்னையே திட்டிக்கொண்டாள். அதுவும் யாரிடம்? கடைக்குப் போகும்போதெல்லாம் பிறக்காத பிள்ளைக்குச் சின்னச் சின்னக் காலுறையை எடுத்துப் பார்த்துவிட்டு, வாங்காமல் வைத்துவிட்டு வந்துகொண்டிருந்தவளிடம்.

துக்கம் போய்க் கோபம் வந்தது. "என்னங்க, யாருமே சீந்தாத கலர் ஒண்ணு சொல்லுங்க," என்று வீட்டுக்காரர் முன்னால் போய் நின்றாள்.

அவர் சோற்றில் கை வைத்தபடி நெடுநேரம் யோசித்தார். "சாம்பல். அதை மட்டும் இதுவரைக்கும் எவனும் கேட்டதில்ல. சுவர்ல ஒட்டினா சுவர் மாதிரியே இருக்கும்."

அவள் நின்றவாக்கிலேயே குழுவில் எழுதினாள். இத்தனை நாள் அடக்கி வைத்ததெல்லாம் சேர்ந்து வந்தது. 'இனிமே சாம்பல் நிறம் மட்டும்தான். உங்க பூட்டும் வேண்டாம், சாவியும் வேண்டாம். நிறம் கிடக்கட்டும், பிள்ளைக்குக் குளிரக் கூடாது. எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான். முடிஞ்சவங்க பின்னுங்க, முடியாதவங்க போயிட்டு வாங்க.'

முதலில் கம்பளிப்புழு எழுதினார்: 'நியாயமான பேச்சு.' ரெட்டைமுடிச்சு எழுதினாள்: 'அக்கா சொல்றது எனக்குச் சுருக்குன்னு பட்டுச்சு. இன்னிக்கே நூல் வாங்கறேன்.'

அப்புறம் நடந்ததை அவளாலேயே நம்ப முடியவில்லை. சதுரங்கள் கூரியரில் வந்து குவிந்தன. கம்பளிப்புழுவுக்கு முட்டிவலி என்று ரெட்டைமுடிச்சு தைலம் அனுப்பி வைத்தாள். 'நிறம் கிடக்கட்டும், பிள்ளைக்குக் குளிரக் கூடாது' என்ற வரியை யாரோ எடுத்து வெளியே போட, அதைப் பார்த்துவிட்டு ஊசி பிடிக்கவே தெரியாதவர்களெல்லாம் குழுவில் சேர்ந்தார்கள். நூல் கடையில் சாம்பல் நூல் தீர்ந்துபோனது. தெருவில் சாம்பல் சால்வை போட்டுக்கொண்டு போன ஒரு பெண்ணைக்கூட நூல்கண்டு பார்த்தாள். அட, ஊருக்கே பின்னல் ஆசை வந்துவிட்டதே என்று பூரித்துப்போனாள்.

ஆனால் எதையும் நின்று பார்க்க அவளுக்கு நேரமில்லை. மருத்துவமனையில் லீவு சொல்லிவிட்டுச் சதுரங்களைக் கோக்க உட்கார்ந்தாள். கோக்கும்போது தையலை எண்ணிக்கொண்டே போக வேண்டும். நடுவில் ஒரு வார்த்தை பேசினாலும் கணக்குத் தவறும். அப்புறம் ஒரு வரிசை முழுக்கப் பிரிக்க வேண்டும். அதனால் குழுவில் எது வந்தாலும் படிக்காமல், இடது கையால் கட்டைவிரல் படத்தை மட்டும் தட்டிவிட்டாள். இது குழுவில் எல்லோரும் செய்வதுதான். கட்டைவிரல் வந்தால், பார்த்தாயிற்று, சரி, சந்தோஷம் என்று எல்லாம் அதில் அடக்கம்.

'அம்மா, நாங்க ரெண்டு பேரும் கலந்து பேசி ஒரு முடிவுக்கு வந்திருக்கோம்,' என்று ஆரம்பித்து நீளமாக எழுதியிருந்தார் கம்பளிப்புழு. சண்டை இல்லை, அதுவே போதும். கட்டைவிரல்.

'அக்கா, நீங்கதான் முன்னால நிக்கணும்,' என்று எழுதியிருந்தாள் ரெட்டைமுடிச்சு. போர்வையோடு போட்டோ எடுக்கத்தான் கூப்பிடுகிறார்கள், நிற்காமல் என்ன என்று நினைத்துக்கொண்டாள். கட்டைவிரல்.

'நாளைக்கே பதிஞ்சிடலாமா அக்கா?' பதியட்டுமே, நல்ல படமாகப் பார்த்துப் பதியட்டும். கட்டைவிரல்.

வீட்டுக்காரர் வேலை முடிந்து வந்து நின்றார். "ஏம்மா, இன்னிக்கு அச்சகத்துல ஒரு அதிசயம் கேளு. என் சர்வீசுல முதல் தடவையா சாம்பல் மை..."

"நாப்பத்தி மூணு, நாப்பத்தி நாலு... பேசாதீங்க," என்றாள் அவள், கண்ணை எடுக்காமல். அவர் வாயை மூடிக்கொண்டு போய் டீ போட்டுக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார். நல்ல மனுஷன்.

கடைசி முடிச்சைப் போட்டு நூலைக் கத்தரித்த காலையில் தங்கையின் கணவர் பேசினார். "அண்ணி, பொண்ணு பொறந்திருக்கா. ரெண்டு பேரும் சௌக்கியம். உங்க தங்கச்சி பிள்ளையைத் துண்டுல சுத்தக்கூட விடமாட்டேங்கறா. நர்ஸம்மா என்னைத் திட்டறாங்க. சீக்கிரம் வாங்க."

நூல்கண்டு போர்வையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கிளம்பினாள். பையில் வைக்க மனசு வரவில்லை. அவ்வளவு மெத்தென்று இருந்தது. வழியெல்லாம் ஏதேதோ ஒட்டியிருந்தார்கள், அவள் ஒன்றையும் பார்க்கவில்லை. பொண்ணு, பொண்ணு என்று உதடு முணுமுணுத்துக்கொண்டே இருந்தது.

அரசு மருத்துவமனை வாசலில் ஓர் அறிவிப்புத் தொங்கியது. தேர்தல் முடியும்வரை கட்சிக் கொடி, கட்சித் துண்டு, கட்சிச் சின்னம் எதுவும் உள்ளே கொண்டுவரக் கூடாது. அவள் படித்துவிட்டுச் சிரித்துக்கொண்டாள். நல்லவேளை, நீலத்தில் பின்னியிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

"அம்மா, நில்லுங்க," என்றார் காவலாளி. வயதானவர், தொப்பியைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளியிருந்தார். "அதை உள்ள விட முடியாது."

"எதை?"

"அந்தப் போர்வையை. போர்டைப் படிச்சீங்கதானே?"

"படிச்சேங்க. இது கட்சி சாமான் இல்ல. இதைக் கட்சி இல்லாம ஆக்கறதுக்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். சாம்பலுக்கு எந்தக் கட்சியும் கிடையாது. வேணும்னா எங்க வீட்டுக்காரரைக் கேட்டுப் பாருங்க, அவர் அச்சகத்துல இருக்காரு."

"நேத்து சாயங்கால நியூஸ் பார்க்கலையா நீங்க?"

"நாலு நாளா நான் தலை நிமிரலைங்க. உள்ள என் தங்கச்சி காத்துக்கிட்டு இருக்கா. பிள்ளைக்குக் குளிரும்."

கடைசி வார்த்தையைக் கேட்டதும் காவலாளியின் முகம் மாறியது. அக்கம்பக்கம் பார்த்துவிட்டுச் சட்டைப்பையை லேசாக விலக்கிக் காட்டினார். உள்ளே ஒரு துண்டு சாம்பல் நூல் முடிச்சுப் போட்டுக் கிடந்தது.

"பையில மடிச்சு வச்சுக்கிட்டு சத்தமில்லாமப் போங்கம்மா, நானும் நம்ம கட்சிதான்," என்றார் ரகசியமாக. "தலைவி யாரோ நூல்கண்டாம். ஒரு வார்த்தை பேசாம, கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியே கட்சி ஆரம்பிச்சுட்டாங்களாம்."