இன்னொரு தபா பாய்

உத்திரமேரூர் வட்டாரத்தில் ஒரு பொருள் பழுதானால் சந்தோஷப்பட்ட ஒரே ஜீவன் எங்கள் இன்னொரு தபா பாய்தான். பேருந்து நிலையத்துக்கு எதிரே கல்யாணப் பத்திரிகை தயாரிக்கும் டிடிபி கடை வைத்திருந்தார். அவருடைய அசல் பெயர் அவர் வீட்டாருக்காவது ஞாபகம் இருந்ததா என்பது சந்தேகம். எது கெட்டாலும் அவர் சொல்வது ஒன்றுதான். "இன்னொரு தபா பண்ணு, பாக்கலாம்."

ஒருமுறை கடையில் ஏதோ சுவிட்சைப் போட்டார், தெருவே இருண்டது. கரண்ட் வந்தபின் வேறு யாராக இருந்தாலும் அந்தச் சுவிட்சு இருக்கும் திசையில் தலைவைத்துப் படுக்கமாட்டார்கள். பாய் மறுபடி போட்டார். மறுபடி இருட்டு. "பாத்தியா, அதேதான்!" என்று இருட்டுக்குள்ளிருந்து வந்த குரலில் அப்படியொரு ஆனந்தம். தெருவே திரண்டு வந்து திட்டிவிட்டுப் போனது.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய ஏதோ ஒரு வருஷம், இந்த மனிதரிடம் நான் மாட்டினேன். திருப்புலிவனத்துக் கிணறுகளின் நீர்மட்டம்தான் என் ஆராய்ச்சி. கட்டுரையை ஆய்விதழ் ஏற்றுக்கொண்டது. ஆனால் வரைபடத்தின் கோடுகள் ரம்பம் மாதிரி இருக்கின்றன, அச்சுத் தரத்தில் இன்று மாலைக்குள் அனுப்பு என்றார்கள். கட்டுரை வராவிட்டால் பட்டம் இல்லை. எங்கப்பாவோ 'எம்பொண்ணு டாக்டரு' என்று ஊரெல்லாம் சொல்லிவைக்க, காய்ச்சலுக்கு மருந்து கேட்டு ரெண்டு பேர் வீட்டுக்கே வந்துவிட்டார்கள்!

ஊருக்கு வந்திருந்த எனக்கு அவசரத்துக்குக் கிடைத்தது பாயின் கணினிதான்; வரைபட மென்பொருளை அதில் ஏற்றினேன். திரையில் படம் அம்சமாக இருந்தது. அச்சுத் தரத்தில் கோப்பாக எடுக்க பட்டனை அழுத்தினால், மென்பொருள் பொசுக்கென்று மூடிக்கொண்டது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. பாய் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ஆஹா! இன்னொரு தபா பண்ணும்மா."

"பாய், எனக்குப் படம் வேணும். அது கெட்டுப்போறத வேடிக்கை பாக்க வரல."

"கெட்டாத்தானம்மா ஏன் கெடுதுன்னு தெரியும்? அவசரப்பட்டா பேஜாருதான்."

நிறங்களை எடுத்துவிட்டு அழுத்தினார். மூடிக்கொண்டது. ஒரே ஒரு கோட்டை வைத்து அழுத்தினார். மூடிக்கொண்டது. மின்விசிறியை நிறுத்திவிட்டுக்கூட அழுத்திப் பார்த்தார், புழுங்கியதுதான் மிச்சம். கடைசியில் படத்திலிருந்த எழுத்துகளை எல்லாம் நீக்கி அழுத்தினார். படம் வந்துவிட்டது! எந்தக் கிணறு எது என்றே தெரியாத படத்தை வைத்து நான் என்ன செய்ய? ஆனால் பாயின் முகம் மலர்ந்தது.

"எழுத்துலதான் கீது சமாச்சாரம். மிஷின்ல கீற எல்லா ஃபாண்டையும் இது தொறந்து பாத்துக்கினு வருதும்மா. ஏதோ ஒண்ணுல தடுக்கி வியுது."

கல்யாணத்துக்கு, காதுகுத்துக்கு, கருமாதிக்கு என்று அவரிடம் குவிந்துகிடந்த ஃபாண்டுகளில் பாதியை எடுத்தார், பாதியை வைத்தார். மிச்சத்தில் மறுபடி பாதி. ஒவ்வொரு முறை மூடிக்கொள்ளும்போதும் கைதட்டினார். மாலை நெருங்க நெருங்க நான் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் ஒரே ஒரு ஃபாண்ட் மிஞ்சியது. பாய் கைதட்டவில்லை.

அது அவரே உருவாக்கியது. மகள் நிக்காஹ் பத்திரிகைக்காக, முதுகு வளைய உட்கார்ந்து ஒவ்வொரு எழுத்தாக மவுசால் வரைந்து, 'உத்திரமேரூர்-1' என்று பெயரும் வைத்திருந்தார். அந்த எழுத்தில் பத்திரிகை அடித்தால்தான் கல்யாணம் களைகட்டும் என்று ஊரில் பேச்சு.

"இன்னொரு தபா பண்ணும்மா" என்றார்.

மூடிக்கொண்டது.

"இன்னொரு தபா."

மூடிக்கொண்டது. கெடக்கூடாதே என்று வேண்டிக்கொண்டு அவர் அதைச் சொல்லி அன்றுதான் கேட்டேன்.

பிறகு அவரே அதை ஒரு ஃபிளாப்பியில் ஏற்றி டிராயரில் வைத்துவிட்டு, கணினியிலிருந்து அழித்தார். கிணற்றுப் பெயர்களோடு படம் பளிச்சென்று வந்தது. அங்கிருந்தே அனுப்பினோம். நான் துள்ளினேன். பாய் எனக்கு டீ சொல்லிவிட்டு, தனக்கு வேண்டாம் என்றார்.

பட்டம் கிடைத்தது, கல்யாணமும் நிச்சயமானது. பத்திரிகைக்குப் பாயிடமே போனேன். மனுஷர் யார் யாரோ செய்த ஃபாண்டுகளாகத் திறந்து காட்டிக்கொண்டிருந்தார். எனக்குக் கோபமே வந்துவிட்டது.

"உங்க எழுத்து எங்க பாய்?"

"அது வாணாம்மா. அதுல இன்னா தப்பு கீதுன்னு இன்னும் புரியல. உன் பத்திரிகை பாதியில நின்னுட்டா இன்னா பண்றது?"

டிராயரை நானே திறந்தேன். ஃபிளாப்பியை எடுத்து அவர் கையில் வைத்தேன்.

"நின்னா நிக்கட்டும் பாய். இன்னொரு தபா பண்ணலாம்."