மானம் போகுமா, விமானம் போகுமா

அன்புள்ள மச்சானுக்கு,

உன் அக்கா புருஷன் எழுதிக்கொண்டது. இங்கே நாங்கள் இருவரும் உடம்பளவில் நலம், மனசளவில் கேட்காதே. நீ அந்தக் குளிர் தேசத்தில் விறைத்துப்போகாமல் நலமாக இருக்க வேண்டும். வெட்கத்தை விட்டு முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கடிதத்தை உன் அக்காவின் நைட்டியைப் போட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். ஊதா நிறம், கழுத்தில் பூ வேலை. சிரிக்காதே. என் துணி, பாஸ்போர்ட், எங்கள் இருவரின் ஃபோன் எல்லாம் பெட்டிக்குள் இருக்கின்றன. பெட்டி பூட்டியிருக்கிறது. மாடி வீட்டம்மா இந்தக் கடிதத்தைப் படமெடுத்து உனக்கு அனுப்புகிறேன் என்று சொல்லியிருக்கிறார், அதனால் அவரைப் பற்றி நல்லதாகவே எழுதுகிறேன்.

எல்லாவற்றுக்கும் காரணம் நீதான். நீ பாட்டுக்கு வேலைக்குப் போனோமா வந்தோமா என்று இருக்காமல் பனியில் நின்று ஒரு படம் அனுப்பினாயே, கம்பளிக்குள்ளிருந்து மூக்கு மட்டும் தெரிந்த படம், அதைப் பார்த்த நாளிலிருந்து உன் அக்காவுக்கு வெளிநாட்டுக் கிறுக்கு பிடித்துவிட்டது. காலண்டரில் வந்த கோபுரம், பிரமிடு, தெருவெல்லாம் தண்ணீர் ஓடும் ஊர் என்று கிழித்துக் கிழித்துச் சமையலறைச் சுவரில் உன் படத்தைச் சுற்றி உலகத்தையே ஒட்டிவிட்டாள். சரி, கேட்டுத்தான் பார்ப்போமே என்று டிக்கெட் ஆபீசுக்குப் போனோம். கையில் இருப்பதைச் சொல்லி, "இந்தப் பணத்துக்கு எங்கம்மா போகலாம்?" என்றேன். கவுண்டரில் இருந்த பெண், "போறதுக்கு மட்டுமா சார், திரும்பி வரவுமா?" என்றது. நான் வாய் திறப்பதற்குள் உன் அக்கா, "போறதுக்கு மட்டும்னா எவ்வளவு தூரம் போகலாம்?" என்று கேட்டாள். என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, மச்சான்.

அன்றிலிருந்து சுவரில் படங்கள் ஒவ்வொன்றாக இறங்கின. கோபுர ஊரில் ஒரு ராத்திரி தங்குவதற்கு நான் கடையை விற்க வேண்டும். பிரமிடுக்குப் போனால் பார்த்துவிட்டு அங்கேயே அடங்க வேண்டியதுதான். கடைசியில் சுவரில் மிஞ்சியது உன் மூக்குதான். உலகத்திலேயே ஓசியில் படுக்கை கிடைக்கும் ஒரே இடம் உன் அறை. மாடி வீட்டம்மா தன் ஃபோனிலேயே தேடி, அடிமாட்டு விலைக்கு டிக்கெட் போட்டுக் கொடுத்தார். போகாவிட்டால் பணம் திரும்ப வராது, ஆளுக்கு ஏழு கிலோதான் கொண்டுபோகலாம். நாளைக் காலை விமானம். உன் அக்கா ஒரு வாரமாக வாளியில் ஐஸ் கட்டி போட்டுக் காலை விட்டு உட்கார்ந்து பழகுகிறாள். "தம்பி முன்னாடி நடுங்கினா அவனுக்குக் கேவலம்" என்கிறாள். அந்த முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன், நாளைக்குப் போகவில்லை என்றால் அவள் என்னைத் திட்டமாட்டாள், அதுதான் பயமாக இருக்கிறது.

இனி பூட்டுக்கு வருகிறேன். பெட்டி மாடி வீட்டம்மா இரவல் கொடுத்தது. அதில் இருந்த பூட்டு ஊதினால் திறந்துகொள்ளும். பூட்டு ரிப்பேர் கடைக்காரன் அப்படியொரு பூட்டோடு வெளிநாடு போனால் தொழிலுக்கே அவமானம் இல்லையா? நானே செய்த பூட்டை மாட்டினேன். அமுக்கினால் தானாகப் பூட்டிக்கொள்ளும், யாராலும் திறக்க முடியாது என்று கடையில் எழுதிப் போட்டிருப்பேனே, அதே பூட்டு. இன்று காலை குளித்துவிட்டுத் துண்டோடு வந்தேன். உன் அக்கா எடை பார்க்க வேண்டும் என்று கொடியில் கிடந்தது, ஆணியில் தொங்கியது எல்லாவற்றையும் உள்ளே அடுக்கி முடித்திருந்தாள். "இப்ப பாரு, ஒரே சத்தம்தான்" என்று அமுக்கினேன். ஒரே சத்தம்தான். சாவி என் கால்சட்டைப் பையில். கால்சட்டை பெட்டிக்குள். சரி, கடையில் போய்க் கம்பியாவது எடுத்து வரலாம் என்றால் கடைச் சாவியும் அதே பையில்.

வேறு வழியில்லாமல் உன் அக்கா போய் எதிர்க்கடைக்காரனைக் கூட்டி வந்துவிட்டாள். அவனும் பூட்டு ரிப்பேர்தான், என் பூட்டைப் பொம்மைப் பூட்டு என்று கடைத்தெரு முழுக்கச் சொன்னவன். நான் அவனோடு முகம் கொடுத்துப் பேசுவதே இல்லை. உள்ளே வந்தவன் பெட்டியைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தான். "என்னண்ணே, ஊதா உங்களுக்கு எடுப்பா இருக்கே" என்றான். நான் கதவுக்குப் பின்னால் போய்விட்டேன். "இந்தா, டீ ஆறுறதுக்குள்ள தொறந்துடறேன்" என்று உட்கார்ந்தான். டீ ஆறிவிட்டது. சாப்பாட்டு நேரம் போய்விட்டது. அவனுக்குச் சட்டை முழுக்க வேர்வை. உன் அக்கா பொறுத்துப் பார்த்துவிட்டு, "அறுத்துத் தொலைங்களேன், ரெண்டு பேரும் ஆம்பளைங்கதானே" என்றாள். நாங்கள் இருவரும் ஒரே குரலில், "அறுக்கக் கூடாது" என்றோம். எங்கள் தொழிலில் பூட்டை அறுப்பது என்றால் தோற்றேன் என்று ஊருக்குச் சொல்வது. இத்தனை வருஷத்தில் நானும் அவனும் ஒத்துப்போன ஒரே விஷயம் இதுதான்.

இப்போது என் நிலைமையை யோசித்துப் பார். அவன் திறந்துவிட்டால் என் மானம் போகும். திறக்காவிட்டால் விமானம் போகும். பூட்டுக்குள் 'டிக்' என்று ஏதாவது சத்தம் கேட்டால் உன் அக்கா முகம் மலர்கிறது, நான் பதறிக் கதவிடுக்கில் எட்டிப் பார்க்கிறேன். அவன் பெருமூச்சு விட்டால் என் மனசு குளிர்கிறது, உடனே அவள் முகத்தைப் பார்த்துவிட்டுச் செத்துப்போகிறேன். கடைசியில் நானே கதவுக்குப் பின்னாலிருந்து, "இடது பக்கம் கொஞ்சம் தூக்கிப் பிடிப்பா" என்று சொல்லிவிட்டேன். என் வாயால் சொன்னேன், மச்சான். அவளுக்காகச் சொன்னேன். அவன், "எனக்குத் தெரியும், நீங்க சும்மா இருங்க" என்றான்.

நாளை விமான நிலையத்தில் எங்களைக் காணவில்லை என்றால் தேடாதே, எங்களுக்காகப் போட்ட லீவை வீணாக்காமல் தூங்கு. காதை மூடிக்கொண்டு வெளியே போ. சூடாகச் சாப்பிடு. சீக்கிரம் உனக்கு நல்ல இடத்தில் பெண் அமைந்து, நான் படும் பாடெல்லாம் நீயும் பட்டு நீடூழி வாழ்க.

இப்படிக்கு,
கதவுக்குப் பின்னாலிருந்து
உன் அக்கா புருஷன்

பின்குறிப்பு: கடிதத்தைப் படமெடுக்க வந்த மாடி வீட்டம்மா, எதற்கும் பார்ப்போம் என்று ஃபோனில் டிக்கெட்டைத் திறந்து பார்த்தார். தேதி நாளைதான், மாதம்தான் அடுத்த மாதம். மேலே எழுதிய எதையும் மனசில் வைத்துக்கொள்ளாதே, லீவை முதலாளியிடமே திருப்பிக் கொடுத்துவிடு. உன் அக்கா சிரித்துக்கொண்டே வாளியில் ஐஸ் போடப் போனாள். நான் எதிர்க்கடைக்காரனிடம், "அவசரம் ஒண்ணுமில்லப்பா, வீட்டுக்குப் போ" என்று சொல்ல வாயெடுத்தேன். பூட்டு திறந்துகொண்டது.