எலுமிச்சம்பழத்தில் ஓர் அட்சரேகை

பூகோளம் நடத்துகிறவருக்குப் பூகோளம் தெரிந்திருக்க வேண்டும் என்று அந்தக் காலத்தில் யாரும் கட்டாயப்படுத்தவில்லை. கட்டாயப்படுத்தியிருந்தால் திண்டிவனத்தில் எனக்கு வாத்தியார் வேலையே கிடைத்திருக்காது. நான் படித்தது சரித்திரம். பூகோள ஆசிரியர் மாற்றலாகிப் போனதும், "காலியா இருக்கிற பீரியடுல நீங்களே பாத்துக்குங்க" என்று தலைமையாசிரியர் ஓர் அட்லஸை என் கையில் திணித்துவிட்டார். அட்சரேகை, தீர்க்கரேகை இரண்டுமே கற்பனைக் கோடுகள் என்பது வரை எனக்குப் புரிந்தது. கற்பனைதானே, எப்படிப் போனால் என்ன என்று மேற்கொண்டு நான் கவலைப்படவில்லை.

அறுபதுகளின் தொடக்கம். எனக்கு இருபத்தாறு வயது. முண்டியம்பாக்கத்தில் ஒரு பெண் இருப்பதாகத் தகவல் வந்தது. பெயர் சரோஜா, எட்டாவது வரை படித்தவள், அப்பாவுக்குச் சொந்தமாகக் கரும்புக் கொல்லை. ஏற்கெனவே இரண்டு இடங்களில் என்னை வேண்டாமென்று சொல்லியிருந்தார்கள் (ஓரிடத்தில் என் உயரம், இன்னோரிடத்தில் காரணம்கூடச் சொல்லவில்லை). இதுவும் தட்டிப்போனால் இனிமேல் தன்னைக் கூப்பிடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டுத்தான் தாய்மாமா கூட வந்தார்.

சரோஜா வந்தாள், காப்பி கொடுத்தாள், ஒரே ஒரு முறை நிமிர்ந்து பார்த்தாள், உள்ளே போய்விட்டாள். எனக்கு மிகவும் பிடித்துவிட்டது. அவளுடைய அப்பா மரியாதைக்கு ஓர் எலுமிச்சம்பழத்தை என் கையில் கொடுத்தார். அதை வாங்கிக்கொண்டு வாயை மூடிக்கொண்டிருந்தால் எல்லாம் சுபமாக முடிந்திருக்கும். ஆனால் எனக்கு என் படிப்பைக் காட்ட வேண்டியிருந்தது.

"உங்க கொல்லை வழியாத்தாங்க பன்னெண்டாவது அட்சரேகை போவுது," என்றேன்.

அவர் முகம் மாறியது. "எங்கொல்லையிலயா? யாரு போட்டது? நோட்டீஸ் ஒண்ணும் வரலியே? எங்கேர்ந்து எங்க போவுது?"

"திண்டிவனத்துலேர்ந்து விழுப்புரத்துக்கு நேரா போவுதுங்க. யாரும் போடல. அது கண்ணுக்குத் தெரியாது."

"கண்ணுக்குத் தெரியாம எங்கொல்லையில என்னா வேல அதுக்கு?"

மாமா என் தொடையைக் கிள்ளினார். உற்சாகப்படுத்துகிறார் என்று எடுத்துக்கொண்டேன். "இதுதாங்க பூமி," என்று பழத்தைத் தூக்கிக் காட்டி, மேலிருந்து கீழாக நகத்தால் நாலைந்து கோடுகள் கீறினேன். பூமிக்கு அச்சு ஒன்று வேண்டுமே? என் சட்டைக் கையில் பொத்தான் விழுந்த இடத்தில் ஒரு குண்டூசி மானத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. அதை உருவிப் பழத்தின் உச்சியில் குத்தினேன்.

பெண் பார்க்க வந்த இடத்தில், கொடுத்த எலுமிச்சம்பழத்தைக் கீறி ஊசி குத்துகிறவன் யார் என்று தெரிந்துகொள்ள அந்த ஊரில் யாருக்கும் பூகோளம் தேவைப்படவில்லை.

"ஐயய்யோ! செய்வின வச்சிட்டான்!" என்று சரோஜாவின் அத்தை அலறினாள்.

"கண்ணுக்குத் தெரியாத கோடுன்னு அப்பலேர்ந்து சொல்லிக்கினே இருந்தானே!" என்று அப்பா எழுந்தார். உப்பும் மிளகாயும் எடுக்க அத்தை உள்ளே ஓடினாள். மாமா அதற்குள் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார். நான் மட்டும் பூமியைக் கையில் ஏந்தியபடி உட்கார்ந்திருந்தேன்.

அப்போதுதான் சரோஜா கதவுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தாள்.

"பேஜாரு பண்ணாதீங்கப்பா. அது உலக உருண்டை. எங்க ஸ்கூல்ல ஒண்ணு இருந்திச்சி. ஊசி, அதோட அச்சு."

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அவள் என் கையிலிருந்த பழத்தை எட்டிப் பார்த்தாள்.

"ஆனா அட்சரேகை கெழக்கு மேற்கா, குறுக்காலதான் போவும். அவரு நெடுக்கக் கீறி வச்சிக்கினு இருக்காரு. நெடுக்கப் போறது தீர்க்கரேகை. பன்னெண்டாவது கோடு ரயில் ரோட்டைத் தாண்டிக் கடல் பக்கம் போவுமேப்பா, விழுப்புரத்துக்கு எப்படிப் போவும்?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"அந்தப் பாடம் அடுத்த மாசந்தாங்க வருது," என்றேன்.

இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. அப்பாவுக்கு ஆட்சேபம் இல்லையாம் (செய்வினை இல்லையென்றால் அவருக்கு வேறு குறை எதுவும் தெரியவில்லை). வேண்டாமென்றது சரோஜாதான். "தெரியலன்னா தெரியலன்னு சொல்லாம ஊசி குத்தற வரைக்கும் போறவரு வேணாம்பா" என்றாளாம். மாமா ஒரு வார்த்தை விடாமல் ஒப்பித்தார். அவமானத்தைவிட வருத்தம்தான் அதிகமாக இருந்தது, ஏனென்றால் அவள் சொன்னது சரி. அன்று மாலை அட்லஸை முதல் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்தேன்.

நான்கு வருடம் கழித்துக் கெடாரில் எனக்குக் கல்யாணம் நடந்தது. இந்தக் கதையை என் மனைவி கஸ்தூரியிடம் நானே சொன்னேன். அது நான் செய்த அடுத்த முட்டாள்தனம். வீட்டுக்கு யார் வந்தாலும் அதை ஆதியோடந்தமாகச் சொல்லிவிட்டு, கடைசியில் பெருமூச்சு விடுவாள்:

"எங்கப்பா என்னை அஞ்சாவதோட நிறுத்திட்டாருங்க. அந்தப் பொண்ணு மாதிரி எட்டாவது வரைக்கும் படிச்சிருந்தா நானும் தப்பிச்சிருப்பேன்."