கலர் பார்த்துச் சொல்பவர்

மனிதர்களில் ஒரு ரகம் உண்டு. நீங்கள் நிச்சயம் பார்த்திருப்பீர்கள். யாரோ நாலு பேர் மண்டையை உடைத்துக்கொண்டு, எழுத்துக் கூட்டிப் படிக்கிற எவருக்கும் புரிகிற மாதிரி ஒரு விஷயத்தை எளிமையாக்கி வைத்தால், அந்த விஷயத்துக்கும் ஜனங்களுக்கும் நடுவில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, தொண்டையைச் செருமி, "இருங்க, இதுல ஒரு சிக்கல் இருக்கு" என்று ஆரம்பிக்கிற ரகம். எங்கள் அந்தமானில் இவருக்குக் 'கலர் பார்த்துச் சொல்பவர்' என்று பெயர். பெயர் வைத்தது நான்தான். அவரிடம் போய்ச் சொல்லிவிடாதீர்கள்.

அது என்ன கலர் என்கிறீர்களா? எந்த மனையில் வீடு கட்டலாம், எதில் கடை வைக்கலாம், கடலிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்க வேண்டும் என்பதற்கெல்லாம் விதிகள் இருக்கின்றன. முன்பு அவை ஒரு தடித்த ஆங்கிலப் புத்தகத்துக்குள் குடியிருந்தன. ஒரு வாக்கியம் மூன்றாம் பக்கத்தில் கிளம்பி, 'மேற்படி உட்பிரிவில் கண்டவை நீங்கலாக' என்று ஐந்தாம் பக்கத்தில் மூச்சு வாங்கி, கடைசி அட்டவணையில் போய் விழுந்து உயிரை விடும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் எந்தப் புண்ணியவானுக்கு மனம் இரங்கியதோ, அத்தனையையும் ஒரு போன் செயலியாக்கி வெளியிட்டார்கள். 'நம்ம மனை' என்று பெயர். சர்வே நம்பரைப் போட்டால் உங்கள் மனை கலரில் தெரியும். பச்சை என்றால் வீடு கட்டலாம். மஞ்சள் என்றால் வீட்டோடு சின்னக் கடையும் வைக்கலாம். சிவப்பு என்றால் ஒரு செங்கல்லும் இறக்கக் கூடாது. படிக்கச் சிரமமாக இருந்தால் ஒலிபெருக்கிப் படத்தை அமுக்குங்கள். தமிழோ, இந்தியோ, வங்காளியோ, கேட்ட பாஷையில் ஒரு பெண் குரல் நிதானமாக எடுத்துச் சொல்லும்.

இதற்கு மேல் நடுவில் ஒரு மனிதர் எதற்கு என்றுதான் நானும் நினைத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

எங்கள் வட்டாரத்தில் இந்த ரகத்தின் அசல் மாதிரி சிவபிரகாஷ் அண்ணன். ஜங்லிகாட்டில் என் தெருக்காரர். அரசாங்க வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றது வேலைதானே தவிர அவர் இல்லை. தடித்த புத்தகக் காலத்தில் அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கல்யாண வீட்டுக்குக்கூட வருவார். அதைப் பிரித்து யாரும் பார்த்ததில்லை. செயலி வந்த அன்றைக்கு அண்ணன் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. "எல்லாத்தையும் இப்பிடித் தொறந்து போட்டா எப்பிடிய்யா? ஜனங்க கொழம்பிப் போயிருவாங்க" என்று டீக்கடையில் புலம்பித் தீர்த்தார். ஒரு வாரம்தான். எட்டாம் நாள் அகலத் திரை போன், கழுத்தில் கயிறு கட்டிய கண்ணாடி, இடுப்பில் பவர் பேங்க் சகிதமாகக் களத்தில் இறங்கிவிட்டார்.

இவர் கலர் பார்ப்பதற்கு ஒரு பூஜை முறையே உண்டு. முதலில் உங்கள் போனைப் பைக்குள் வைக்கச் சொல்வார். "உங்ககிட்ட இருக்கிறது பப்ளிக் வெர்ஷன்" என்பார். அவரிடம் இருப்பதும் அதேதான். அடுத்து, தமிழில் இருக்கிற செயலியை ஆங்கிலத்துக்கு மாற்றுவார். தமிழில் இருந்தால் உங்களுக்கும் புரிந்து தொலைக்குமே! குரலை அணைப்பார். பிறகு இரண்டு விரலால் திரையை அகட்டு அகட்டென்று அகட்டி, ஊர், பேர், தெரு எதுவும் தெரியாமல் வெறும் கலர் மட்டும் மிஞ்சுகிற வரைக்கும் பெரிதாக்குவார். ஆவல் தாங்காமல் நீங்கள் விரலை நீட்டினீர்களோ போச்சு. "அரே, ஹாத் மத் லகாவ்!" என்று ஓர் அதட்டல் விழும். தொடாதே என்று அர்த்தம். எங்கள் தீவில் தமிழன் தமிழனை அதட்ட வேண்டுமென்றால் இந்திதான் வரும். அதில் கொஞ்சம் சர்க்கார் வாசனை இருக்கிறது.

பச்சை வந்துவிட்டால் தப்பித்தோம் என்று நினைக்கிறீர்களா?

"அண்ணே, பச்சைதானே காட்டுது?"

"பச்சைதான். ஆனா என்ன பச்சை?"

அவ்வளவுதான். நீங்கள் அவருக்கு இன்னொரு டீ சொல்லியாக வேண்டும்.

ஆரம்பத்தில் அண்ணனும் சர்வே நம்பர் போட்டுத்தான் பார்த்தார். அதில் ஒரு சங்கடம். நம்பர் போடுவதைப் பார்த்தவர்கள் மறுநாள் தாங்களே போட ஆரம்பித்தார்கள். ஆகவே அண்ணன் நம்பரை விட்டுவிட்டு, திரையின் மூலையில் வட்டமாக இருக்கும் ஒரு பொத்தானைப் பிடித்துக்கொண்டார். கண்ணை மூடி, ஒரு நொடி நிறுத்தி, கட்டை விரலால் ஒரே அமுக்கு. பார்க்கவே பக்தி வரும். டீக்கடையில் நெட்வொர்க் சரியில்லை என்று ஆசனத்தையும் மாற்றினார். சாத்தம் ஜெட்டியில், பாம்பூஃபிளாட் போகிற படகுக்குக் காத்திருக்கும் இடத்தில், ஒரு பெஞ்சு. "இங்கதான் சிக்னல் நாலு கோடும் வரும்" என்றார். காலை எட்டு மணிக்கெல்லாம் வந்துவிடுவார். மனை பாம்பூஃபிளாட்டில் இருந்தாலும் சரி, ஹேவ்லாக்கில் இருந்தாலும் சரி, விசாரணை அந்தப் பெஞ்சில்தான்.

அந்தப் பெஞ்சுக்குப் போன நாளிலிருந்து எல்லோருக்கும் சிவப்பு.

சந்தேகம் வர வேண்டுமா இல்லையா? வரவில்லை. மாறாக, அவர் புகழ் ஏறிவிட்டது. 'கட்டலாம்' என்று ஒருவர் சொன்னால் நாம் இன்னும் நாலு பேரிடம் கேட்போம். 'கூடாது' என்று சொல்லுங்கள், உடனே நம்பிவிடுவோம். லாரி ஓட்டுகிற காத்தமுத்து, மகள் கல்யாணத்துக்கு முன்னால் மாடியில் ஓர் அறை எடுக்க நினைத்திருந்தார். சிவப்பு. விட்டுவிட்டார். என் வீடு ஜங்லிகாட் மேட்டில் இருக்கிறது. கடலைப் பார்க்க வேண்டுமென்றால் மொட்டை மாடியில் நின்று எம்ப வேண்டும். எனக்கும் சிவப்பு. பின்பக்கம் தண்ணீர்த் தொட்டி கட்டுகிற யோசனையை நானும் விட்டேன். என் வீட்டுக்காரி அதற்கப்புறம் ஏழு மாதம் குடம் தூக்கினாள். இத்தனைக்கும் அந்தச் செயலி என் சட்டைப் பையிலேயே இருந்தது.

இந்த நிலையில்தான் ராஜகுமாரி வந்தாள்.

அவளுடைய அப்பா அம்மா இலங்கை மலைத் தோட்டத்திலிருந்து கப்பலேறி, கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்டவர்கள். அவளும் ரப்பர் பால் எடுத்த கைதான். கல்யாணமாகி, பாம்பூஃபிளாட்டில் சின்னதாக ஒரு மனையும் வீடுமாக ஒதுங்கி, அந்தப் பக்கத்து ஜெட்டியில் வாடகைப் பெட்டிக்கடையில் இடியாப்பமும் தேங்காய்ச் சம்பலும் விற்றுக்கொண்டிருந்தாள். அந்தக் கடையை மாதக் கடைசிக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். வீட்டு முன்பக்கம் ஓர் அறை போட்டுக் கடை வைக்க அனுமதி உண்டென்றால் பிழைத்தாள். இல்லையென்றால் மறுபடியும் கச்சால், மறுபடியும் ரப்பர் மரம். வெள்ளிக்கிழமை கப்பல். அன்றைக்குச் செவ்வாய்.

நானும் காத்தமுத்துவும் படகுக்காக நின்றுகொண்டிருந்தோம். சிவபிரகாஷ் அண்ணன் பூஜையை முறைப்படி நடத்தினார். கண்ணை மூடினார். அமுக்கினார். அகட்டினார். பிறகு, ஆபரேஷன் முடித்து வெளியே வரும் டாக்டரைப் போல நிதானமாகக் கண்ணாடியைக் கழற்றினார்.

"சிவப்பும்மா."

"நல்லா பாத்துச் சொல்லுங்கய்யா. முன்னால ஒரே ஒரு ரூமுதான்."

"ரூமு இல்ல, ஒரு கம்பு நட முடியாது. கடலோரப் பாதுகாப்பு. மத்லப், பூரா பந்த். எல்லாமே தடை."

ராஜகுமாரி பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள். "எங்க வூட்டுலேருந்து கடலு எங்கேயோ கெடக்குதுங்களே" என்றாள்.

"அது உன் கண்ணுக்கு. சட்டத்துக்கு அது வேற கணக்கு."

"அப்ப வெள்ளிக்கிழமை கப்பலுக்கு டிக்கெட்டு எடுத்துற வேண்டியதுதானுங்களா?"

"அதான் சேஃப்" என்றார் அண்ணன், மனிதாபிமானம் ததும்ப.

காத்தமுத்து வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். ராஜகுமாரி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு தன் போனை எடுத்தாள்.

"எங்க வூட்டுக்காரரு ஹேவ்லாக்குல ரிசார்ட்டு சமையல்ல நிக்கிறாரு. நான் சொன்னா நம்ப மாட்டாரு. அந்தப் பொம்பள பேசுமே, அத அப்பிடியே ரெக்கார்டு பண்ணி அனுப்பிடுறேன். நீங்க எந்தப் பட்டனய்யா அமுக்குனீங்க?"

அண்ணன் பெருந்தன்மையோடு அந்த வட்டப் பொத்தானைக் காட்டினார். தன் தீர்ப்பு ஹேவ்லாக் வரைக்கும் போகிறது என்றால் யாருக்குத்தான் கசக்கும்? அவள் அமுக்கினாள். அவளுடைய போனில் செயலி தமிழில் இருந்தது. குரலும் முழுசாகத் திறந்திருந்தது. ஜெட்டி முழுக்கக் கேட்கிற மாதிரி அந்தப் பெண் குரல் நிதானமாகச் சொன்னது:

"நீங்கள் இப்போது நிற்கும் இடம், சாத்தம் படகுத்துறை. இங்கே வீடோ கடையோ கட்ட அனுமதி இல்லை."

படகுக்காரன்கூடக் கயிற்றைக் கையில் பிடித்தபடி நின்றுவிட்டான்.

ராஜகுமாரி போனைப் பார்த்தாள். கீழே சிமெண்டுத் தரையைப் பார்த்தாள். சிவபிரகாஷ் அண்ணனைப் பார்த்தாள்.

"நான் எதுக்குங்கய்யா ஜெட்டியில கட கட்டப் போறேன்?"

அந்தப் பொத்தான், ஆள் எங்கே நிற்கிறாரோ அந்த இடத்தின் கலரைக் காட்டும் பொத்தான். ஏழு மாதமாக அண்ணன் அந்தமான் முழுவதற்கும் சாத்தம் ஜெட்டியின் கலரைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். ஜெட்டியின் மேல் வீடு கட்டக் கூடாதுதான். ரொம்பச் சரியான சட்டம். அதில் யாருக்கும் ஆட்சேபணை இல்லை.

அவள் பையிலிருந்து மனைப் பத்திரத்தை எடுத்து, சர்வே நம்பரை ஒவ்வொரு எண்ணாக வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போட்டாள். மஞ்சள். வீட்டின் முன்பக்கம் ஓர் அறையில் சிறு கடை நடத்தலாம், சாலையிலிருந்து மூன்று மீட்டர் விட வேண்டும் என்றது குரல். "இன்னொரு வாட்டி சொல்லும்மா" என்று அந்தக் குரலிடமே கேட்டு மறுபடி அமுக்கினாள். மூன்றாம் முறை கேட்டபோது அழுதுவிட்டாள். எனக்கும் கண் கரித்தது, மறைப்பானேன்.

காத்தமுத்து மெல்லப் பெஞ்சை நெருங்கினார். "அண்ணே, என் மாடிய எங்க நின்னு பாத்தீங்க?"

"அது... நெட்வொர்க் இருக்கிற எடத்துல."

"இந்தப் பெஞ்சுலயா?"

"காத்தமுத்து, மேப்பு இப்பத்தான் அப்டேட் ஆகியிருக்கு. இந்தம்மாகிட்ட நான் இதத்தான் சொல்ல வந்தேன். அதுக்குள்ள அவசரப்பட்டுட்டாங்க."

இந்த ரகம் தோற்று நீங்கள் பார்க்க முடியாது. மறுவாரமே அண்ணன் தொழிலைச் சீர்திருத்திக்கொண்டார். 'மனையில் நேரில் நின்று பார்த்தால்தான் துல்லியம்' என்று இப்போது வீடு வீடாக வருகிறார். மதியச் சாப்பாட்டு நேரத்துக்கு. கூப்பிடுகிறவர்களுக்குக் குறைவே இல்லை.

ராஜகுமாரி கடை திறந்துவிட்டாள். மூன்றாம் வாரம் நான் போயிருந்தபோது, ஒரு வங்காளி அம்மாள் போனை நீட்டிக்கொண்டு நின்றாள். "தீதி, ஹமாரா பீ ஜரா தேக்கோ நா." எனக்கும் பார்த்துச் சொல் என்கிறாள். ராஜகுமாரி போனை வாங்கவில்லை. இடியாப்பம் பிழிந்த கையை ஆட்டி, "நம்பர் தும் டாலோ, ஓ குத் போலேகா" என்றாள். நம்பரை நீயே போடு, அதுவே சொல்லும்.

அந்த அம்மாள் ஆள்காட்டி விரலை நீட்டி எண்களைத் தேட ஆரம்பித்தாள். ஒன்று போட்டாள். தப்பு. அழித்தாள். மறுபடி ஒன்று. கண்ணுக்கு அருகே கொண்டுபோய்ப் பார்த்தாள். மறுபடி அழித்தாள். நான் பொறுத்துப் பார்த்தேன், ஐயா, சத்தியமாகப் பொறுத்துப் பார்த்தேன். ஒரு நிமிஷம் இருக்கும். அடுத்து என்ன நடந்தது என்று எனக்கே தெரியாது. போன் என் கையில் இருந்தது. "இதெல்லாம் உங்களுக்குச் சிரமம்மா, நான் பாத்துச் சொல்றேன்" என்று என் வாய் சொல்லிக்கொண்டிருந்தது.

"ஐயா," என்றாள் ராஜகுமாரி இடியாப்பப் பானையின் ஆவிக்குப் பின்னாலிருந்து, "அவங்கதான் போட்டுக்கிட்டு இருந்தாங்களே."

திருப்பிக் கொடுத்தேன்.

சிரிக்கிறீர்களா? நன்றாகச் சிரியுங்கள். போன வாரம் உங்கள் அம்மா, "ஆஸ்பத்திரி டோக்கன் எப்படிப் போடுறதுன்னு சொல்லிக் கொடுப்பா" என்று போனை நீட்டினார்களே, ஞாபகம் இருக்கிறதா? அரை நிமிஷத்தில் டோக்கனைப் போட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டீர்கள். எப்படிப் போடுவது என்று சொல்லிக் கொடுத்தீர்களா?