கல்லறைக்குள் குரைத்த மேஜர்

நாய்களைப் பற்றி எனக்குத் தெரியும் என்று நம்பியதுதான் என் வாழ்க்கையில் நான் செய்த மிகப் பெரிய பிழை. அதற்கு மறுநாள் இதழில் திருத்தம் போடவும் வழியில்லை.

தேனியில் ஒரு நாளிதழுக்கு நிருபராக இருந்தபோது எங்கள் பக்கத்து வேட்டை நாயான கோம்பையைப் பற்றி மட்டும் ஏழு கட்டுரைகள் எழுதியிருந்தேன். (ஏழுக்கும் ஒரே படம். தலைப்புதான் மாறும்.) அந்தத் தகுதியில்தான், குமுளிப் பக்கம் ஏலக்காய்த் தோட்டத்து மேலாளர் ஒருவர் ஊரைவிட்டுப் போகும்போது, அவருடைய ஜாக் ரஸ்ஸல் டெரியரை வாங்கிவந்தேன்.

உயரம் ஓரடி. எடை ஆறு கிலோ. வெள்ளை உடம்பு, ஒரு காது மட்டும் பழுப்பு. பெயர் மேஜர். அந்த இனத்தைப் பற்றி இணையத்தில் தேடிப் படித்தேன். முக்கியமானதெல்லாம் முதல் பத்தியில் இருக்கும், இடம் போதாவிட்டால் கீழிருந்து வெட்டலாம் என்று பழகிய கண் என்னுடையது. 'சிறியது, சுறுசுறுப்பானது, குடும்பத்துக்கு ஏற்றது' என்ற வரியோடு மூடிவிட்டேன்.

என் மனைவி ஜெசிந்தாவின் அண்ணன் அருளப்பன் கம்பத்துக்கு அருகே திராட்சை போட்டிருக்கிறார். தோட்டக் காவலுக்கு இரண்டு கோம்பை நாய்கள். மேஜரை முதல்முறை பார்த்தபோது கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, குனிந்து பார்த்துவிட்டுக் கேட்டார்.

"மிச்சம் எப்ப மாப்ள வரும்?"

அந்தக் கேள்விதான் என்னைக் கெடுத்தது. சீமை நாய் கூட்டத்தில் எவ்வளவு அடக்கமாக இருக்கும் என்று அவருக்குக் காட்டவேண்டும் என்பதற்காக, கல்லறைத் திருநாளன்று மேஜரையும் கல்லறைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போனேன்.

நவம்பர் இரண்டாம் தேதி, எங்கள் கத்தோலிக்கக் குடும்பங்கள் இறந்தவர்களுக்குப் பூப்போட்டு மெழுகுவத்தி ஏற்றி மன்றாடும் நாள். நான்கு நாள் மழை விட்டு அன்றுதான் வெயில் அடித்தது. பங்குச் சாமியார் வரிசை வரிசையாகத் தீர்த்தம் தெளித்துக்கொண்டு வந்தார். எங்கள் மாமனார் இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. சுற்றிலும் சிமெண்டும் சலவைக்கல்லுமாக இருக்க, அவருடையது மட்டும் வெறும் மண்மேடு, மரச்சிலுவை. கிரானைட்தான் என்று அண்ணனும், வெள்ளை டைல்ஸ்தான் என்று தங்கையும் இரண்டு வருடமாகப் பேசி முடிவு காணவில்லை. மேட்டின் கால்மாட்டில் மழை அரித்த பொந்து ஒன்று இருந்தது. அத்தை (என் மாமியார்) அதன்மேல் செவ்வந்தி மாலையைப் போட்டு மறைத்திருந்தார்.

மேஜரின் வாரைக் காலுக்கடியில் மிதித்துக்கொண்டு, கண்ணை மூடிக் கைகூப்பினேன். மன்றாட்டின் நடுவே காலடியில் ஏதோ உருவியது. கண்ணைத் திறந்தபோது மாலை தள்ளிக் கிடந்தது. சிவப்பு வார் பாம்பைப்போல மண்ணுக்குள் போய்க்கொண்டிருந்தது. நான் பாய்ந்து பிடிப்பதற்குள் நுனியும் மறைந்துவிட்டது.

பிறகு மாமனாரின் கல்லறைக்குள்ளிருந்து குரைப்பு கேட்டது.

பக்கத்துக் கல்லறையில் நின்றிருந்த அம்மாள் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டே பின்னால் நடந்து, இன்னொரு குடும்பத்தின் மெழுகுவத்திகள்மேல் ஏறினார். மூன்று வரிசைக்கு அப்பால் சாமியாரின் கை தீர்த்தத்தோடு அப்படியே நின்றது. நான் பொந்தில் வாயை வைத்து "மேஜர், கம்" என்று ஆங்கிலத்தில் கூப்பிட்டேன். கட்டளைப்படி வரும் நாய் என்று அருளப்பனிடம் சொல்லி வைத்திருந்தேன்.

அதன் பிறகுதான் போனை எடுத்து, அன்று படிக்காமல் விட்ட நான்காவது பத்தியைப் படித்தேன். வளைக்குள் பதுங்கும் விலங்கைத் துரத்தி மண்ணுக்குள் இறங்குவதற்கென்றே உருவான இனமாம். உள்ளே போனால் விடாமல் குரைக்குமாம். சத்தம் வரும் இடத்தை வேட்டைக்காரர் தோண்ட வேண்டுமாம். ஆக, மேஜர் தன் வேலையைச் சரியாகத்தான் செய்துகொண்டிருந்தது. இனி நான் என் வேலையைச் செய்யவேண்டும்.

சொன்னேன். அருளப்பன் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"எங்கப்பாவத் தோண்டச் சொல்றீகளா?"

ஈர மண் உள்ளே சரிந்திருக்க வேண்டும். குரைப்பு மெலிந்து, இருமல்போல ஆகி, இடைவெளி விட்டு வந்தது. நூறு பேராவது எங்களைச் சுற்றி நின்றிருப்பார்கள். அப்போது ஒருவன், "நாய்தானே, விட்டுருவோம்" என்றான். யாரோ ஒருவன் என்று எழுத ஆசைதான். சொன்னவன் நான். ஜெசிந்தா திரும்பி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை இந்த வீட்டில் இன்றும் எப்போதாவது பார்க்கிறேன்.

சாமியார் வந்து, குடும்பத்தார் சம்மதித்தால் தனக்குத் தடையில்லை என்றார். அண்ணனும் தங்கையும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். குரைப்பு நின்றுவிட்டது.

அத்தை மகனுக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

"உள்ள ஒரு உசுரு கெடந்து தவிக்குது. உங்கப்பாவுக்கு இனி வலிக்காது. தோண்டுலே."

குழிவெட்டுகிறவரின் மண்வெட்டியை வாங்கி அருளப்பனே தோண்டினார். பெட்டி கீழே ஆறடியில் இருந்தது, பொந்து இரண்டடியில் பக்கவாட்டில் போனது. இந்தக் கணக்கு அன்று ஒருவர் மனதிலும் இல்லை. ஒவ்வொரு வெட்டுக்கும் அவர் கண்ணை மூடித் திறந்தார். ஏழாவதோ எட்டாவதோ வெட்டில் மண் அசைந்தது. மேஜர் பின்பக்கமாக வெளியே வந்தது. வாயில் எதையோ கவ்வியிருந்தது. நீளமாக, மண் அப்பிய ஏதோ ஒன்று.

அந்த ஒரு விநாடியில் அங்கிருந்த எல்லோரும் ஒரே விஷயத்தைத்தான் நினைத்தோம். அருளப்பன் மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டார்.

மேஜர் அதை அத்தையின் காலடியில் வைத்துவிட்டு, மூன்று முறை தும்மியது. பெருச்சாளி. பூனை அளவு இருக்கும்.

அத்தை குனிந்து அதைப் பார்த்தார்.

"ரெண்டு வருசமா உங்கப்பா மேல பெருச்சாளி குடியிருந்திருக்கு" என்றார், மகனையும் மகளையும் பார்த்து. "கல்லு எந்தக் கல்லுன்னு பேசிக்கிட்டிருந்தீக."

நான் திட்டு வாங்கத் தயாராக நின்றேன். என்னை யாரும் திட்டவில்லை. சாமியார் மட்டும், சூழ்நிலையை இலகுவாக்க நினைத்திருக்கலாம், இது என்ன வகை நாய் என்று கேட்டார். இந்த இனத்தை உருவாக்கியவரே இங்கிலாந்துப் பாதிரியார் ஒருவர்தான் என்று (அதையும் நான்காவது பத்தியில்தான் படித்தேன்) சொன்னேன்.

"கத்தோலிக்கரா?"

"இல்ல சாமி."

"அதான" என்று தீர்த்தத்தைத் தெளித்துவிட்டு அடுத்த வரிசைக்குப் போனார்.

அந்த மாதமே கல்லறை கட்டியாயிற்று. கிரானைட்டும் இல்லை, டைல்ஸும் இல்லை. வெறும் காங்கிரீட், ஒன்றரை அடி கனம். கோம்பை நாய்க்காரர் அருளப்பன் அதன் பிறகு மேஜருக்கென்று கறிக்கடையில் தனியாக எலும்பு வாங்கிவந்தார்.

அத்தை போன ஆடியில் இறந்தார். அடக்கத்தன்று பெட்டியைக் குழிக்குள் இறக்கினோம். ஜெசிந்தா அதுவரை அழவே இல்லை. முதல் பிடி மண்ணைக் கையில் எடுத்த அருளப்பன், அதைப் போடாமல், வீங்கிய கண்ணோடு கூட்டத்தில் என்னைத் தேடினார்.

"மாப்ள, அவனக் கட்டிப் போட்டாச்சுல்ல?"

பிறகு பக்கத்தில் ஒரு சத்தம் கேட்டது. ஜெசிந்தா சிரிக்கிறாள் என்று முதலில் எனக்கு விளங்கவில்லை. சிரித்து, சிரித்து, அண்ணன் தோளில் சாய்ந்து, அப்புறம்தான் அழுதாள்.